இன்டர்வியூ முடிந்து வீடு திரும்பியதும் எழுத வேண்டிய நன்றிக் கடிதம்

செட்டிநாட்டில், காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறார்கள். அங்கே நான் கணக்கு பார்க்கிறேன். ஆள் எடுக்கும் நாளில் முதலாளியம்மாவுக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்காருவதும் என் வேலை. முகப்பில் நாலு நாற்காலி போட்டால் அதுதான் இன்டர்வியூ அறை. போன வருஷம் ரிசப்ஷன் வேலைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். எல்லாரும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். டிகிரி முடித்தவர்கள், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள். சாயங்காலம் நோட்டைப் புரட்டியபோது எந்தப் பெயர் எந்த முகம் என்று எங்களுக்கே குழம்பிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு மெயில் வந்தது. ஏழெட்டு வரிதான். "பாலிஷ் போடாமலே இந்த ஆத்தங்குடித் தரை எப்படிப் பளபளக்கிறது என்று விருந்தினர் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. ராத்திரி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் மாமாவிடம் கேட்டேன். கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமென்ட்டை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துவார்களாம். கண்ணாடியைப் பிரித்ததும் அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுமாம். சூளையில் சுடுவதே இல்லையாம்" என்று எழுதியிருந்தாள். முதலாளியம்மா அதை இரண்டு தடவை படித்தார். "அந்த மஞ்சள் சுடிதார்ப் பிள்ளையா?" என்றார். முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஒரு நன்றிக் கடிதத்தால் ஆகக்கூடிய காரியம் இவ்வளவுதான். ஒன்பது பேரில் ஒருவராக இருந்த உங்களுக்கு ஒரு முகம் கிடைக்கும். அதற்கு நல்ல ஆங்கிலமோ அலங்கார வார்த்தையோ வேண்டாம். அந்த அறையில் உங்களோடு பேசியவர் சொன்ன ஏதோ ஒன்றை நீங்கள் காதில் வாங்கியிருக்க வேண்டும், அது கடிதத்தில் தெரிய வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "காக்கா பிடிக்கிற மாதிரி இருக்காதா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கூச்சம் நியாயமானதுதான். ஆனால் இது கடுதாசி போட்டே தொழில் வளர்த்த ஊர். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகப் போனவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று ஊருக்கு எழுதியதை யாரும் காக்கா பிடிப்பதாக நினைக்கவில்லை. ஒருவர் தன் வேலையை விட்டு நமக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ஒரு வார்த்தை எழுதுவது மரியாதை.

முதலில், எங்கே எழுதக் கூடாது

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே போக வேண்டாம். அரசு வேலைக்கான நேர்காணல் என்றால் நன்றிக் கடிதம் எழுதாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி., அரசு வங்கி, ரயில்வே, மத்திய அரசு நிறுவனம், அரசுப் பல்கலைக்கழகம் எதுவானாலும் சரி. காரைக்குடியில் இருப்பவர்களுக்கு வேலை என்றதும் முதலில் தோன்றுவது அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும், அவர் பெயரில் 1985-ல் வந்த பல்கலைக்கழகமும்தான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட வேலை அறிவிக்கைகளின் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எந்த வகையில் ஆதரவு தேடினாலும் தகுதி இழப்பு என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். தேர்வுக் குழுவில் இருந்தவருக்குத் தனியாக மெயில் போட்டால், நீங்கள் நன்றிதான் சொல்லியிருந்தாலும் அந்த வரிக்குள் இழுத்துவிட முடியும். குழுவில் உங்கள் பழைய பேராசிரியரே இருந்தாலும் முடிவு வரும்வரை போன்கூடச் செய்யாதீர்கள். ஏதாவது சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் அறிவிக்கையில் கொடுத்திருக்கும் முகவரிக்கு மட்டும் எழுதுங்கள். எழுந்து வரும்போது வாயால் சொல்லும் நன்றியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தனியார் நிறுவனம், ஆடிட்டர் ஆபீஸ், ஹோட்டல், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, தனியார் பள்ளி, சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஐ.டி. கம்பெனி: இவை எல்லாவற்றுக்கும் தாராளமாக எழுதலாம்.

வெளியே வந்ததும் பத்து நிமிஷம்

கடிதத்தின் பாதி வேலை எழுதுவதற்கு முன்னால் நடக்கிறது. கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்திலேயே, போனில் குறித்துக்கொள்ளுங்கள். யார் யார் பேசினார்கள், அவர்கள் பெயர், பதவி. யார் எந்தக் கேள்வி கேட்டார். எந்தக் கேள்விக்கு நீங்கள் தடுமாறினீர்கள். அவர்கள் தங்கள் வேலையைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயம். முடிவை எப்போது சொல்வதாகச் சொன்னார்கள்.

ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் போய்விடும். நான் படிப்பு முடித்த புதிதில் சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போனேன். காலையில் பல்லவன் ரயிலில் போய், இரண்டு பேரிடம் பேசிவிட்டு, மறுநாள் ஊர் திரும்பினேன். எல்லாம் நினைவில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து எழுதியபோது ஒருவர் கேட்ட கேள்வியை இன்னொருவர் கேட்டதாக எழுதி, அவருக்கே அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. வேலை கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவனித்தேன் என்று காட்டுவதற்காக எழுதிய கடிதமே கவனிக்கவில்லை என்று காட்டிவிட்டது. அன்றிலிருந்து வாசலைத் தாண்டியதும் குறித்துவிடுவேன்.

பெயரில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். நகரத்தார் குடும்பங்களில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளை விலாசம் என்பார்கள். மூன்று, நாலு, சில வீடுகளில் அதற்கும் மேலே போகும். 'ராம.', 'அரு.', 'சித.' என்று வரிசையாக வரும். தாத்தா காலத்துக் கடை அந்த எழுத்துகளால்தான் அறியப்பட்டிருக்கும். அதில் ஒன்றை விட்டாலோ இடம் மாற்றினாலோ கண்ணில் குத்தும். ரிசப்ஷனில் விசிட்டிங் கார்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், "சார் பெயரை எப்படி எழுதணும், மெயில் ஐடி கிடைக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எப்போது, எதில் அனுப்புவது

இருபத்து நாலு மணி நேரத்துக்குள். ராத்திரியே எழுதி வைத்து, காலையில் ஒரு தடவை படித்துத் திருத்தி, பத்து மணி வாக்கில் அனுப்புவது எனக்குப் பிடித்த முறை. சாயங்காலமே முடிவு செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் மட்டும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை இன்டர்வியூ என்றால் அன்று மாலையே அனுப்பலாம், திங்கள் காலை வரை தள்ளினாலும் குற்றமில்லை.

பொதுவாக மெயில்தான் சரி. அவர்கள் உங்களை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருந்தால் வாட்ஸ்அப்பிலேயே பதில் எழுதலாம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அப்படித்தான். அதில் ரோஜாப்பூப் படமும், வாய்ஸ் மெசேஜும், கும்பிடு எமோஜி ஏழும் வேண்டாம். தாளில் எழுதித் தபாலில் போடுவது அழகுதான், ஆனால் போய்ச் சேர்வதற்குள் முடிவு எடுத்துவிடுவார்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது கூடவே கூடாது. அதைவிட மோசம், நன்றி சொல்லும் சாக்கில் மனகோலமும் தேன்குழலும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போவது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்தே பழகியவர்கள் நாம். இங்கே மட்டும் அது கை நீட்டுவது மாதிரி ஆகிவிடும்.

இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பாதீர்கள். பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

என்ன எழுதுவது

நாலு விஷயம். நேரம் கொடுத்ததற்கு நன்றி, எந்த வேலைக்கு எந்த நாளில் வந்தீர்கள் என்ற குறிப்போடு. அவர்கள் சொன்னதில் உங்கள் மனசில் நின்ற ஒன்று. அந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் பயன்படுவீர்கள் என்று ஒரே ஒரு வரி. கடைசியில் ஏதாவது வேண்டுமென்றால் அனுப்புகிறேன் என்பதும், பெயரும், செல் நம்பரும். எல்லாம் சேர்த்து போன் திரையில் ஒரு தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிட வேண்டும்.

இதில் முதலாவதும் கடைசியும் யாருக்கும் வரும். இரண்டாவதில்தான் எல்லாரும் நழுவுகிறார்கள். "தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியும் பணிச்சூழலும் என்னை மிகவும் கவர்ந்தன" என்று எழுதுவார்கள். இந்த வரியைச் சிமென்ட் கடைக்கும் அனுப்பலாம், ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம். அதற்குப் பதிலாக, "மழைக்காலத்தில் நாலு சுற்று வீட்டின் கூரை ஓடுகளையும் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று சொன்னீர்கள், வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதினால், அது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான் போக முடியும். எழுதி முடித்ததும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: கம்பெனி பெயரை எடுத்துவிட்டு இன்னொரு கம்பெனி பெயரைப் போட்டால் கடிதம் பொருந்துகிறதா? பொருந்தினால் திரும்ப எழுத வேண்டும்.

தடுமாறிய கேள்வி இருந்தால் இந்த இடம் இன்னும் பயன்படும். காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலைக்குப் போய்வந்த பி.காம். பெண் ஒருத்தி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். (இதில் வரும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 2ஏ, 2பி, 3பி எல்லாம் ஜி.எஸ்.டி. வரிக் கணக்குப் படிவங்கள்; டேலி என்பது கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் மென்பொருள்.)

சப்ஜெக்ட்: நன்றி – அக்கவுன்ட்ஸ் உதவியாளர் நேர்காணல், ஜூன் 10

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று அக்கவுன்ட்ஸ் உதவியாளர் வேலைக்கு என்னோடு பேசியதற்கு நன்றி. ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யும் நெருக்கடியிலும் எனக்காக நேரம் ஒதுக்கினீர்கள்.

கொள்முதல் பில்களை எதோடு ஒத்துப் பார்ப்பாய் என்று கேட்டீர்கள். நான் 2ஏ என்று சொன்னேன்; அது சரியான பதில் இல்லை. சப்ளையர்கள் தாக்கல் செய்யச் செய்ய 2ஏ மாறிக்கொண்டே இருக்கும். 2பி ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகும்; சப்ளையர்கள் தாமதமாகத் தாக்கல் செய்வது அந்த மாத 2பி-யில் சேராது. 3பி-யில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க அதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்று கிளைகளின் கணக்கையும் ஒரே டேலிக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னீர்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ஒரு மளிகைக் கடையின் ஒரு வருஷக் கணக்கை நான் டேலியில் ஏற்றியிருக்கிறேன். அந்த வேலையில் என்னால் முதல் நாளிலிருந்தே உதவ முடியும்.

சான்றிதழ் எதுவும் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
(பெயர், செல் நம்பர்)

தப்பாகச் சொன்னதை ஒளிக்காமல், அழாமல், திருத்தியிருக்கிறாள். கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரிந்து இல்லை. எண்ட்ரி தப்பாகிவிட்டால் ஒளித்து வைக்காமல் வந்து சொல்வாள் என்று முதலாளிக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும். ஆனால் ஒரு பதிலை மட்டும் திருத்துங்கள். மூன்று பதிலைத் திருத்தினால் இன்டர்வியூவைத் திரும்ப எழுதுவது போல ஆகிவிடும்.

வாட்ஸ்அப் என்றால் இன்னும் சின்னது போதும். ஜவுளிக்கடைச் சேலைப் பிரிவுக்குப் போனவர் இப்படி எழுதலாம்: "வணக்கம் மேடம். இன்று காலை சேலைப் பிரிவு வேலைக்கு வந்து பேசினேன், என் பெயர் இது. நேரம் கொடுத்ததற்கு நன்றி. கண்டாங்கிச் சேலையை விரிக்கும்போது முந்தியைவிட முதலில் கட்டத்தையும் அகலக் கரையையும் காட்டணும் என்று நீங்களே விரித்துக் காட்டினீர்கள், நன்றாகப் புரிந்தது. எப்போது வரச் சொன்னாலும் தயாராக இருக்கிறேன்."

எடுத்துவிட வேண்டியவை

குடும்பக் கஷ்டம். இதைச் சொல்ல எனக்கே மனசு கனக்கிறது, ஏனென்றால் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் உண்மை. அப்பாவுக்கு ஆபரேஷன், தங்கை படிப்பு, வீட்டுக் கடன் என்று எழுதுகிறார்கள். படிக்கிறவர் இரக்கப்படுவார், ஆனால் நன்றிக் கடிதமாக இருந்தது அந்த வரியில் மனுவாக மாறிவிடும். அடுத்த தடவை உங்களை நினைக்கும்போது உங்கள் டேலியோ உங்கள் பேச்சோ அவருக்கு ஞாபகம் வராது, கஷ்டம்தான் வரும்.

சம்பளம், லீவு, ஷிப்ட் பற்றிய கேள்விகளும் இங்கே வேண்டாம். ஆர்டர் வந்தபிறகு பேசலாம். யார் சிபாரிசில் வந்தீர்கள் என்பதைத் திரும்ப ஞாபகப்படுத்தவும் வேண்டாம். பயோடேட்டாவை மறுபடி இணைக்க வேண்டியதில்லை, அவர்களிடம் இருக்கிறது.

மரியாதைச் சொற்களில் அளவு வேண்டும். 'மதிப்பிற்குரிய ஐயா', 'மதிப்பிற்குரிய மேடம்' போதும். இங்கே கடையிலும் வீட்டிலும் முதலாளியம்மாவை 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவோம், அங்கே வேலை செய்கிறவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். நீங்கள் இன்னும் உள்ளே வராதவர். கடிதத்தில் மேடம் என்றோ அம்மா என்றோ எழுதுங்கள். சேர்ந்தபிறகு ஆச்சி தானாக வரும். பள்ளிக்கூடத்தில் படித்த அனுப்புநர், பெறுநர் அமைப்பு மெயிலுக்குத் தேவையில்லை. பழைய கடுதாசியில் போடும் பிள்ளையார் சுழியும் 'நலம், நலமறிய ஆவல்' என்பதும் சொந்தக்காரர்களுக்கு எழுதும்போது அழகு, இங்கே பொருந்தாது.

தமிழா ஆங்கிலமா என்று கேட்பீர்கள். எந்த மொழியில் உங்களோடு பேசினார்களோ அந்த மொழியில். சென்னை கம்பெனி ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக. தெரியாத பெரிய வார்த்தையைப் போடாதீர்கள். சாட்ஜிபிடியிடம் கொடுத்துப் பிழை திருத்திக்கொள்வதில் தப்பில்லை. முழுக் கடிதத்தையும் அதனிடம் கேட்டு வாங்கினால்தான் சிக்கல். எங்களுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேரிடமிருந்து வரிக்கு வரி ஒன்றுபோல இரண்டு மெயில் வந்தன. ஒன்றில் வேறு ஹோட்டலின் பெயர்கூட மாற்றாமல் இருந்தது. அந்த அறையில் என்ன பேசினீர்கள் என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது. அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அனுப்பும் முன் வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை. பெயர், விலாசம், தேதி மூன்றையும் குறித்து வைத்ததோடு ஒத்துப் பாருங்கள்.

அனுப்பியபிறகு

பெரும்பாலும் பதில் வராது. அதற்காக மனம் தளர வேண்டாம். நாங்களும் எல்லாருக்கும் பதில் எழுதுவதில்லை, படிக்காமலும் விடுவதில்லை. அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு மூன்று வேலை நாள் ஆனபிறகு ஒரே ஒரு வரி கேட்கலாம்: "போன வாரம் நேர்காணலுக்கு வந்திருந்தேன், முடிவு எதுவும் ஆனதா என்று அறிய விரும்புகிறேன்." தேதி எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். தினம் போன் செய்தால் முன்னால் எழுதிய நல்ல கடிதமும் வீணாகும்.

இல்லை என்று பதில் வந்தால் அப்போதும் எழுதுங்கள், மூன்று வரி. "தெரியப்படுத்தியதற்கு நன்றி. உங்களிடம் பேசியதில் தெரிந்துகொண்டது நிறைய. பின்னால் வாய்ப்பு இருந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்." ஆத்தங்குடித் தரையைப் பற்றி எழுதிய அந்தப் பெண்ணுக்கு நாங்கள் முதலில் வேலை கொடுக்கவில்லை. மூன்று வருஷ அனுபவம் உள்ள ஒருவரை எடுத்தோம். இல்லை என்று சொன்னதற்கும் அவள் நன்றி எழுதியிருந்தாள். நாலு மாதம் கழித்து இன்னொரு இடம் காலியானபோது விளம்பரம் கொடுக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. முதலாளியம்மா என்னிடம், "அந்தப் பிள்ளை நம்பர் இருக்கா?" என்றுதான் கேட்டார். மெயிலின் அடியில் செல் நம்பர் இருந்தது. இப்போது விருந்தினரை அழைத்துக்கொண்டு வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிக் காட்டுவது அவள்தான். தரையைப் பற்றி யார் கேட்டாலும் கண்ணாடியில் ஆரம்பிக்கிறாள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி பாக்கி இருக்கும். நம் ஊரில் பாதி வேலை யாரோ சொல்லித்தான் தெரியவருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன், அப்பாவின் கூட்டாளி, கல்லூரி சீனியர். நீங்கள் போனீர்களா, எப்படிப் பேசினீர்கள் என்று அவர் காத்துக்கொண்டிருப்பார். அவருக்கு மெயில் வேண்டாம். பஸ் ஏறியதும் ஒரு போன் செய்து, "போயிட்டு வந்துட்டேண்ணே, நல்லாத்தான் பேசினாங்க" என்று சொல்லிவிடுங்கள்.